சட்டைப் பைக்குள் ஒரு பட்டறை: மடக்குக்கத்தி முதல் மல்டிடூல் வரை

1/
சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு குட்டி மல்டிடூல். உள்ளே ஒரு கத்தி, கத்தரிக்கோல், முள்வாங்கி, நகம் ராவுற அரம். எல்லாம் சேர்ந்து உங்க சுண்டுவிரல் நீளம்தான். ஆனா அதுக்குப் பின்னாடி ஏறக்குறைய 1,800 வருஷ வரலாறு இருக்கு மக்களே.

ரோமானியர்கள், ஓலைச்சுவடி, ஆபரேஷன் தியேட்டர், ராணுவம், விண்வெளி, ஏர்போர்ட் செக்யூரிட்டி எல்லாமே இதுல வரும். கடைசியில் எதை வாங்கலாம், அதை வச்சு எதைச் செய்யவே கூடாதுன்னு ஒரு மருத்துவரா சொல்லிடறேன். இழை கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

2/
முதல் நிறுத்தம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். அங்கே ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் வெள்ளியில் செய்த ஒரு ரோமானியக் கருவி இருக்கு. காலம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு.

ஒரே பிடியில் கரண்டி, முள்கரண்டி, கத்தி, கூரான ஒரு குத்தி, கரண்டித் தட்டை. மடக்கிப் பையில் போட்டுக்கலாம். வெள்ளி அப்படியே இருக்கு. கத்தி மட்டும் இரும்பு, அதனால துருப்பிடிச்சுப் போச்சு.

3/
யாருடையதுன்னு தெரியாது. ஆனா பயணம் போகிற, கையில் காசு இருக்கிற ஒரு மனுஷனோடதுன்னு பார்த்தாலே புரியும். சாப்பாட்டுக்குத் தேவையானது எல்லாம் இருக்கு, அதைத் தாண்டி ஒண்ணும் இல்லை.

இதை ஞாபகம் வச்சுக்கங்க. "எத்தனை கருவி?" இல்லை, "எதுக்கு?" என்பதுதான் கேள்வி. இந்த வரலாறு முழுக்க ஜெயிச்சவங்க எல்லாம் இந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்டவங்கதான்.

4/
அடுத்து நம்ம ஊர்.

பனை ஓலையில் எழுதின காலத்தில் நம்மாளுங்க வச்சிருந்த எழுத்தாணியில் பல வகை உண்டு. அதில் ஒண்ணு மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் எழுதுற ஊசிமுனை, இன்னொரு பக்கம் ஓலையை நறுக்கிச் சீர் செய்யுற கத்தி. ரெண்டும் பிடிக்குள்ள மடங்கிடும்.

ஓலையை வார, நறுக்க, எழுத ஒரே கருவி. இடுப்பில் செருகிக்கலாம். இதை மல்டிடூல்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது?

5/
மேற்கிலும் அதே கதைதான். பறவை இறகில் எழுதின காலம். முனை தேயத் தேய அதைச் சீவணும். அதுக்கு ஒரு சின்னக் கத்தி. பேனாவைச் சீவுற கத்தி, அதனால பேனாக்கத்தி.

இறகுப் பேனா போய் நூற்றாண்டு தாண்டியாச்சு. பெயர் மட்டும் இன்னும் நம்ம வாயில் இருக்கு. பென்சில் சீவினவங்களுக்கு நல்லாவே தெரியும்.

6/
கிராமத்தில் பெரியவங்க அரைஞாண் கயிற்றிலோ சுருக்குப்பையிலோ முள்வாங்கி வச்சிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. காட்டு வேலைக்குப் போறவங்களுக்கு முள் தைப்பது தினசரி நிகழ்வு. வீட்டுக்கு வந்து எடுக்கலாம்னா நடக்க முடியாது. அதனால் முள்வாங்கி உடம்போடவே இருக்கும்.

"தினமும் கூட வச்சுக்கிற கருவி" என்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்ச ஃபேஷன் இல்லைங்க.

7/
இப்போ என் துறைக்கு வர்றேன். ஒரு காலத்தில் மடக்குக்கத்தியை அதிகம் சுமந்தவங்களில் மருத்துவர்களும் உண்டு.

ஐரோப்பாவில் ரத்தம் வடிப்பதுதான் பாதி வியாதிக்கு வைத்தியமா இருந்த நூற்றாண்டுகள் அவை. அதுக்கான கத்திக்கு 'ஃப்ளீம்' என்று பெயர். பித்தளை அல்லது கொம்பு உறைக்குள் ரெண்டு மூணு அலகுகள், விசிறி மாதிரி மடங்கும். அசப்பில் இன்றைய பாக்கெட் கத்தியேதான்.

8/
இன்னொரு கருவி லான்செட். சின்ன, ரெண்டு பக்கமும் கூரான கத்தி. ஆமை ஓட்டுப் பிடிக்குள் மடங்கும். 1823இல் தாமஸ் வேக்லி லண்டனில் ஒரு மருத்துவ இதழ் ஆரம்பிச்சார். அதுக்கு 'தி லான்செட்' என்று இந்தக் கருவியின் பெயரைத்தான் வச்சார். இன்னிக்கு உலகத்தின் முன்னணி மருத்துவ இதழ்களில் ஒண்ணு. கத்தி போச்சு, பெயர் நிக்குது. பேனாக்கத்தி கதையேதான்.

9/
அறுவை சிகிச்சை நிபுணர்களும் மடக்குக் கத்திகளைத் தோல் பெட்டியில் போட்டு கோட்டுப் பையில் எடுத்துக்கிட்டுப் போனாங்க. பிடி யானைத் தந்தம், ஆமை ஓடு, கருங்காலி. பார்க்க அவ்வளவு அழகு.

பிரச்சினை என்னன்னா, அந்த அழகான பிடிக்குள்ளதான் எமன் உட்கார்ந்திருந்தான்.

10/
மடக்குக்கத்தியில் கீல் இருக்கு. அலகு உட்கார ஒரு பள்ளம் இருக்கு. போன நோயாளியின் ரத்தமும் சீழும் அந்தப் பள்ளத்தில் காய்ந்து கிடக்கும். வெளியே துடைச்சா பளபளன்னு இருக்கும். உள்ளே கிருமிகளுக்குச் சொந்த வீடு.

கிருமின்னு ஒண்ணு இருக்குங்கிறதே அப்போ யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சும் சில நாளில் புண் அழுகி நோயாளி இறந்துபோவது சாதாரணம்.

11/
1867இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலம் கொண்டு காயத்தைக் காக்கும் முறையை அதே லான்செட் இதழில் எழுதினார். 1880களில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மான் குழுவினர் கருவிகளை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் முறையைக் கொண்டுவந்தாங்க.

நீராவியில் தந்தம் வெடிக்கும். ஆமை ஓடு வளைஞ்சு போகும். மரம் விரியும். கீலுக்குள்ள இருக்கிற அழுக்கோ முழுசாப் போகாது.

12/
அதனால அறுவைக் கருவிகள் தலைகீழா மாறுச்சு. முழு உலோகம், கீல் இல்லை, பள்ளம் இல்லை, வேலைப்பாடு இல்லை. 1915இல் மார்கன் பார்க்கர் அலகை மட்டும் கழற்றி மாற்றும் ஸ்கால்பெலுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னிக்கும் தியேட்டரில் நாங்க பிடிக்கிறது அந்த வம்சத்தைத்தான்.

ஆக, மருத்துவர் பையிலிருந்து மடக்குக்கத்தி வெளியேறிடுச்சு. கிட்டத்தட்ட அதே வருஷங்களில் அது வேற ஒருத்தர் பைக்குள் நுழையுது. அந்த ஆள் ஒரு சுவிஸ் சிப்பாய்.

13/
1889இல் சுவிட்சர்லாந்து ராணுவம் ஷ்மிட்-ரூபின் என்ற புதுத் துப்பாக்கிக்கு மாறுச்சு. அதைப் பிரிச்சுச் சுத்தம் செய்ய ஸ்க்ரூடிரைவர் வேணும். சிப்பாய்களுக்கு டின் உணவு வேற கொடுக்குறாங்க. அதைத் திறக்கவும் ஏதாவது வேணும்.

டின் உணவுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை 1810லேயே வந்தாச்சு. டின் திறக்கிற கருவிக்குக் காப்புரிமை 1858இல்தான்! இடைப்பட்ட காலத்தில் உளியும் சுத்தியலும்தான். சிரிக்காதீங்க, நிஜம்.

14/
ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனியா மூணு நாலு கருவி கொடுத்தா பாதி தொலையும். அதனால ஒரே மடக்குக்கத்தி. 'மாடல் 1890'. ஓக் மரப் பிடி. உள்ளே நாலே நாலு: கத்தி, குத்தூசி, டின் ஓப்பனர், ஸ்க்ரூடிரைவர்.

நாலும் நாலு வேலைக்கு. அலங்காரத்துக்கு ஒண்ணுகூட இல்லை.

15/
இதில் ஒரு வேடிக்கை. முதல் 15,000 கத்திகளைச் செய்யுற அளவுக்கு சுவிட்சர்லாந்தில் ஒரு கம்பெனியும் இல்லை. ஆர்டர் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்து வெஸ்டர் அண்ட் கோ நிறுவனத்துக்குப் போச்சு. உலகப் புகழ் 'சுவிஸ் ஆர்மி நைஃப்' முதன்முதலில் மேட் இன் ஜெர்மனி!

16/
இது ஒருத்தருக்குப் பொறுக்கலை. பெயர் கார்ல் எல்சனர். ஒரு தொப்பி செய்பவரின் மகன். 1884இல் ஷ்விஸ் மாநிலத்தின் ஈபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை ஆரம்பிச்சவர். அந்தக் காலத்து சுவிட்சர்லாந்து இன்றைய பணக்கார நாடு இல்லை. வேலை இல்லாம இளைஞர்கள் கடல் தாண்டிப் போய்க்கிட்டிருந்த இடம்.

"நம்ம சிப்பாய் கத்தியை நம்ம ஊர்லயே செய்யலாமே" என்று சக கத்தித் தொழிலாளர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைச்சார். 1891இல் முதல் சப்ளையும் கொடுத்துட்டார்.

17/
அப்புறம்தான் அடி விழுந்துச்சு. ஸோலிங்கன் பெரிய ஆலைகளின் ஊர். அவங்க விலைக்கு இவரால் கொடுக்க முடியலை. கூட இருந்தவங்க ஒவ்வொருத்தரா விலகினாங்க. எல்சனர் மட்டும் தனியா நின்னார். கடன் கழுத்தை நெரிச்சுது. சொந்தக்காரங்க கைகொடுத்ததால்தான் திவாலாகாம தப்பிச்சார்.

சின்னத் தொழில் நடத்துறவங்களுக்கு இந்த இடம் நல்லாவே புரியும்.

18/
அவரைக் காப்பாத்தினது விலைக் குறைப்பு இல்லைங்க, ஒரு ஸ்பிரிங்.

மடக்குக்கத்தி எப்படி வேலை செய்யுது? முதுகுப்பக்கம் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கு. அலகின் அடிக்கட்டை சதுரமா இருக்கும். அதன் தட்டையான பக்கம் ஸ்பிரிங்கில் உட்கார்ந்ததும் அலகு நிக்குது. ஒரு ஸ்பிரிங், ஒரு பக்கத்துக் கருவிகள். அதிகக் கருவி வேணும்னா அதிகக் கனம்.

எல்சனர் அதே ஸ்பிரிங்கை வச்சு முதுகுப்பக்கமும் கருவிகளை மாட்டும் வழியைக் கண்டுபிடிச்சார். கனம் கூடலை, கருவி கூடிடுச்சு.

19/
1897 ஜூன் 12 அன்று இந்தப் புதுக் கத்தியைப் பதிவு செஞ்சார். இரண்டாவதா ஒரு சின்னக் கத்தியும், முதுகில் ஒரு கார்க் திருகியும் சேர்ந்துச்சு. பெயர் 'அதிகாரிகள் கத்தி'.

ராணுவம் இதை அதிகாரபூர்வமா ஒருபோதும் கொடுக்கலை. துப்பாக்கியைக் கழற்ற ஒயின் பாட்டில் திருகி எதுக்குன்னு நினைச்சிருக்கலாம். ஆனா அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினாங்க. உலகம் முழுக்க இன்னிக்குத் தெரியுற அந்தச் சிவப்புக் கத்தி சிப்பாய் கத்தி இல்லை, இதுதான்.

20/
1909இல் எல்சனரின் அம்மா காலமானார். அவர் பெயர் விக்டோரியா. மகன் கம்பெனிக்கு அந்தப் பெயரையே வச்சார். 1921இல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினாங்க. அதை பிரெஞ்சில் சுருக்கமா 'இனாக்ஸ்' என்பாங்க. விக்டோரியா + இனாக்ஸ் = விக்டோரினாக்ஸ்.

பாதி அம்மா, பாதி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எனக்கு ரொம்பப் பிடிச்ச கம்பெனிப் பெயர் இது.

21/
அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சின்ன விஷயம் இல்லை. அதுக்கு முன்னாடி எலுமிச்சை நறுக்கினா கத்தி கறுக்கும். வேர்வை பட்டா துரு. ரோமானியரின் வெள்ளிக் கருவியில் இரும்புக் கத்தி மட்டும் போச்சுன்னு சொன்னேன் இல்லையா? அந்தப் பிரச்சினைக்குத் தீர்வு வர 1,700 வருஷம் ஆயிருக்கு.

22/
சுவிஸ்ல இன்னொரு கம்பெனியும் வந்துச்சு: பிரெஞ்சு பேசும் பகுதியில், டெலேமோனில் வெங்கர். ஒரு பக்கம் ஜெர்மன் பேசுறவங்க, ஒரு பக்கம் பிரெஞ்சு பேசுறவங்க. சண்டை வேண்டாம்னு 1908இல் அரசு ராணுவ ஆர்டரைச் சரிபாதியாப் பிரிச்சுக் கொடுத்துடுச்சு. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு இது ஓடுச்சு.

23/
இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க சிப்பாய்கள் இந்தக் கத்தியை அள்ளிக்கிட்டுப் போனாங்க. ஜெர்மன் பெயர் 'ஷ்வைட்ஸர் ஒஃபிட்ஸியர்ஸ்மெஸ்ஸர்'. இதை யார் வாயில் நுழைக்கிறது? "சுவிஸ் ஆர்மி நைஃப்"னு சொல்லிட்டாங்க. பெயர் அதுவே ஆயிடுச்சு.

24/
விண்வெளிக்கும் போயிருக்கு. 1995 நவம்பரில் கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு அட்லாண்டிஸ் ஓடத்தில் ரஷ்யாவின் மிர் நிலையத்துக்குப் போனார். இணைப்புக் கதவைத் திறக்கணும். பூமியில் அனுப்பி வச்ச பொறியாளர்கள் அதை டேப்பும் பட்டையும் போட்டு அப்படிக் கட்டி வச்சிருக்காங்க. கடைசியில் அவர் பையிலிருந்த சுவிஸ் கத்திதான் வழி விட்டுச்சு.

கோடிக்கணக்கான டாலர் ராக்கெட். கடைசி ஒரு அடிக்குப் பேனாக்கத்தி.

25/
இவ்வளவு இருந்தும் சுவிஸ் கத்தியில் ஒரு குறை இருந்துச்சு. அதைக் கண்டுபிடிச்சவர் ஒரு அமெரிக்க இளைஞர், டிம் லெதர்மேன். 1975இல் மனைவியோட ஐரோப்பா, மேற்கு ஆசியா எல்லாம் சுத்துறார். வண்டி ஒரு பழைய ஃபியட் 600. ஆம்ஸ்டர்டாமில் 300 டாலருக்கு வாங்கினது.

300 டாலர் வண்டி எப்படி இருக்கும்? ஊருக்கு ஊர் நின்னுச்சு. தெஹ்ரானில் தங்கின விடுதியில் குழாய் ஒழுகுச்சு. பையில் ஒரு சாரணர் கத்தி. எல்லாம் இருக்கு, குறடு இல்லை. நம்ம பாஷையில் கட்டிங் பிளேயர்.

26/
ஊருக்குத் திரும்பினதும் மனைவிகிட்ட "ஒரு மாசத்தில் செஞ்சு முடிச்சுடுவேன்" என்றார். மூணு வருஷம் ஆச்சு. அதுவரை வீட்டை ஓட்டினது மனைவி சௌ. 1980இல் காப்புரிமை கிடைச்சுது. கிடைச்சு என்ன? வாங்க ஆள் இல்லை.

கத்திக் கம்பெனிகள் "இது கத்தி இல்லை, டூல்"னு சொல்லுது. டூல் கம்பெனிகள் "இது டூல் இல்லை, விளையாட்டுச் சாமான்"னு சொல்லுது. ரெண்டு வீட்டிலும் சேர்த்துக்காத பிள்ளை!

27/
நண்பர் ஸ்டீவ் பெர்லினரோட சேர்ந்து சொந்தமா ஆரம்பிச்சார். 1983இல் கபேலாஸ் என்ற தபால் வழி விற்பனை நிறுவனம் 500 கருவிகளுக்கு ஆர்டர் கொடுத்துச்சு. முதல் வருஷம் 4,000 போனாலே பெரிசுன்னு நினைச்சாங்க. கிட்டத்தட்ட 30,000 போச்சு.

மல்டிடூல்னு இன்னிக்கு நாம சொல்ற, நடுவில் குறடும் கைப்பிடிக்குள் மீதியும் இருக்கிற வடிவம் பரவினது இங்கிருந்துதான்.

28/
எதிர்ப்பக்க உதாரணமும் சொல்லணும். 1822இல் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி 1,822 அலகுகள் வச்ச ஒரு கத்தி செஞ்சுது. வேலைப்பாட்டில் அற்புதம், பையில் போட முடியாது. இந்த நூற்றாண்டில் வெங்கர் 87 கருவி, 141 வேலை செய்யும் ஒரு பூதத்தைச் செஞ்சுது. எடை ஒரு கிலோவுக்கு மேல்.

இரண்டும் காட்சிப் பொருள். நாலு கருவி வச்ச 1890 மாடல் ஒரு நாட்டு ராணுவத்தையே நடத்துச்சு.

29/
இப்போ கொஞ்சம் கனமான கதை. மனசு இளகினவங்க 32க்குப் போயிடுங்க.

2003 ஏப்ரல் 26. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஏரன் ரால்ஸ்டன் என்ற மலையேற்ற வீரர் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் தனியா இறங்குறார். ஒரு பாறை உருண்டு அவரோட வலது கையைச் சுவரோட நசுக்கிப் பிடிக்குது. எங்கே போறேன்னு யாருக்கும் சொல்லலை. தண்ணி கொஞ்சம்தான்.

'127 ஹவர்ஸ்' படம் பார்த்திருப்பீங்க. நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இசை. அந்தக் கதைதான்.

30/
கையில் இருந்தது டார்ச் லைட் வாங்கினா இலவசமாத் தர்ற ரகத்தில் ஒரு மலிவு மல்டிடூல். அதை வச்சுப் பாறையைச் செதுக்கப் பார்த்தார். கத்தி மழுங்கினதுதான் மிச்சம். அஞ்சு நாள் கழிச்சு, உயிர் போகப் போகுதுன்னு தெரிஞ்சதும் கையை வெட்ட முடிவு பண்றார்.

முன்கையில் ரேடியஸ், அல்னா என்று ரெண்டு எலும்பு. பாக்கெட் கத்தியால் எலும்பை அறுக்க முடியாது. அது ரம்பத்தின் வேலை. அதனால உடம்பின் எடையை நெம்புகோலாக்கி ரெண்டு எலும்பையும் முறிச்சார். அப்புறம் சின்ன அலகால் தோல், தசை. தசைநாண்களுக்குக் கத்தி போதலை. குறட்டை எடுத்தார்.

31/
சுமார் ஒரு மணி நேரம். அதுக்கு மேல 20 மீட்டர் கயிற்றில் இறங்கி, வெயிலில் நடந்து, வழியில் ஒரு டச்சுக் குடும்பம் பார்த்து உதவி, ஹெலிகாப்டர் வந்து பிழைச்சார்.

எல்லாரும் "நல்ல மல்டிடூல் வாங்கணும்"னு பாடம் படிச்சாங்க. சரிதான். ஆனா மருத்துவரா எனக்குப் படுற முதல் பாடம் வேற. எங்கே போறீங்க, எப்போ வருவீங்கன்னு ஒருத்தருக்குச் சொல்லிட்டுப் போங்க. எடையே இல்லாத கருவி அது.

32/
2001 செப்டம்பர் 11. விமானம் கடத்தினவங்க கையில் சின்னக் கத்திகள். அடுத்த நாளிலிருந்து விமானக் கேபினில் பாக்கெட் கத்திக்கு இடமில்லை. விமான நிலையக் கடைகளை நம்பியிருந்த சுவிஸ் கத்தி விற்பனை பலமா அடி வாங்குச்சு. வெங்கர் தடுமாறி, 2005இல் விக்டோரினாக்ஸ் அதை வாங்கிடுச்சு. விக்டோரினாக்ஸ் ஆட்குறைப்பு செய்யாம, வேலையாட்களைக் கொஞ்ச காலம் வேற கம்பெனிகளுக்கு அனுப்பிச் சமாளிச்சுது. ஊருக்கு வேலை கொடுக்கத் தொடங்கின கம்பெனி இல்லையா, அந்தக் குணம் போகலை.

33/
2013 மார்ச்சில் அமெரிக்கா 6 செ.மீ.க்கும் குறைவான அலகை அனுமதிக்கப் போறதா அறிவிச்சுது. விமானப் பணியாளர்கள் கடுமையா எதிர்த்தாங்க. ஜூனில் வாபஸ்.

இந்த நெருக்கடியில்தான் கத்தியே இல்லாத குட்டி மல்டிடூல்களும் வந்துச்சு. கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், முள்வாங்கி மட்டும். நம்ம ஊரில் எந்த ஏர்போர்ட்டா இருந்தாலும் சந்தேகமே வேண்டாம், செக்-இன் பையில் போட்டுடுங்க.

34/
சரி டாக்டர், எதை வாங்குறது?

முதல்ல போன மாசத்தை நினைச்சுப் பாருங்க. எதுக்குக் கருவி தேடினீங்க? பார்சல் டேப், மாத்திரை அட்டை, தொங்குற நூல், கண்ணாடியின் குட்டி ஸ்க்ரூ, குத்தின சிலாம்பு, உடைஞ்ச நகம். நகரத்தில் இருக்கிற பெரும்பாலானவங்க பட்டியல் இவ்வளவுதான்.

அப்படின்னா 58 மி.மீ. சுவிஸ் கிளாசிக் ரகம் போதும். 21 கிராம். கத்தி, கத்தரிக்கோல், முனையில் ஸ்க்ரூடிரைவர் வச்ச அரம், முள்வாங்கி, பல்குச்சி. சாவிக்கொத்தில் இருக்கிறதே தெரியாது.

35/
பைக்கில் தினமும் தூரம் போறவங்க, வயரிங், பிளம்பிங், விவசாயம்னு கை வேலை செய்யுறவங்க குறடு இருக்கிற சின்ன மல்டிடூலைப் பாருங்க. ஆனா ஒரு விஷயம். கனமா இருந்தா ஒரு வாரம் பையில் இருக்கும், அப்புறம் மேஜை டிராயரில்தான் இருக்கும். வீட்டில் இருக்கிற 20 கருவியைவிடக் கையில் இருக்கிற 5 கருவி மேல்.

விரல் மூட்டு வலி உள்ள பெரியவங்களுக்கு வாங்கினா, கடையிலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்க. சின்னக் கத்திகள் நகத்தால் இழுக்கணும். சிலருக்கு முடியாது.

36/
18ஆம் பதிவில் அந்த ஸ்பிரிங்கைச் சொன்னது சும்மா இல்லை. அது அலகைப் பிடிச்சு நிறுத்தும், ஆனா பூட்டாது. நுனியால் குத்தினாலோ, துளை போட அழுத்தினாலோ அலகு அப்படியே உங்க விரல் மேல மடங்கும். கடினமான வேலை செய்யுறவங்க பூட்டு உள்ள கத்தியை வாங்குங்க. மத்தவங்க ஒரு விதி போதும்: இழுத்து வெட்டு, குத்தாதே.

37/
ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? விரலின் உள்ளங்கைப் பக்கம், தோலுக்குக் கொஞ்சம் கீழேயே விரலை மடக்குற ரெண்டு தசைநாண் ஓடுது. ஒண்ணு நடு மூட்டுக்கு, ஒண்ணு நுனி மூட்டுக்கு. பக்கத்திலேயே நரம்பு. ரெண்டும் ஒரே குழாய்க்குள் நெருக்கமா ஓடுற பகுதிக்குக் கை அறுவை சிகிச்சையில் 'நோ மேன்ஸ் லேண்ட்'னு பழைய பெயர். அவ்வளவு சிக்கலான இடம்.

வெளியே ஒரு செ.மீ. வெட்டு. ரத்தம் நின்னுடும். பிளாஸ்டர் ஒட்டிடுவீங்க. உள்ளே நாண் துண்டாகியிருக்கலாம்.

38/
விரலில் கத்தி பட்டா: சுத்தமான துணியால் நல்லா அழுத்திப் பிடிங்க. ஓடுற தண்ணியில் கழுவுங்க. அப்புறம் நடு விரல் எலும்பைப் பிடிச்சுக்கிட்டு நுனியை மட்டும் மடக்கிப் பாருங்க. நுனியில் ரெண்டு பக்கமும் தொட்டா உணர்வு இருக்கான்னு பாருங்க.

மடங்கலையா, மரத்திருக்கா? அன்னிக்கே மருத்துவமனை. வாரக்கணக்கில் தள்ளினா அறுந்த நாண் சுருங்கிப் போகும், சேர்ப்பது கடினமாகும். டெட்டனஸ் ஊசியையும் கேளுங்க.

39/
பராமரிப்பு. மடக்குக்கத்தியை தியேட்டர் ஏன் துரத்துச்சுன்னு சொன்னேன் இல்லையா? அதே பள்ளம் உங்க கத்தியிலும் இருக்கு. பழம் வெட்டினா வெதுவெதுப்பான தண்ணியும் சோப்பும் போட்டு, திறந்து மூடிக் கழுவி, நல்லா காய வச்சு, கீலில் ஒரு சொட்டு எண்ணெய். முள் எடுக்கும் முன்னும் பின்னும் முள்வாங்கியை சோப்பு, ஸ்பிரிட் போட்டுத் துடைங்க. பல்குச்சி உங்களுக்கு மட்டும். காதுக்கு எதுவுமே கிடையாது.

40/
எதைச் செய்யவே கூடாது?

கட்டியைக் கீறாதீங்க. அவசரப் பிரசவத்தில் தொப்புள் கொடியை இதால் வெட்டாதீங்க. கிருமிநீக்கம் செய்யாத கத்தி பட்டுப் பச்சைக் குழந்தைகள் டெட்டனஸில் இறந்த காலம் ரொம்பப் பழசு இல்லை. தாய்-சேய் டெட்டனஸை இந்தியா ஒழிச்சதா அறிவிக்கப்பட்டதே 2015இல்தான். குழந்தையை அம்மா மேலேயே படுக்க வச்சு, போர்த்தி, 108ஐக் கூப்பிடுங்க. கொடியை வெட்ட அவசரமே இல்லை.

41/
கடைசியா, ரொம்ப முக்கியமா: பாம்புக்கடி. பையில் கத்தி இருக்கிற ஆளுக்கு வர்ற முதல் யோசனை, கடிவாயைக் கீறி விஷத்தை எடுக்கிறது. பழைய சினிமா நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கு.

கீறினா விஷம் வெளியே வராது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாம செய்யும். உறையாத ரத்தத்தில் நீங்க ஒரு புது வெட்டு போட்டா நிக்கவே நிக்காது. கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. கை காலை அசைக்காம வச்சு, விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்கு ஓடுங்க.

42/
அந்தச் சூழ்நிலையில் உங்க மல்டிடூலுக்கும் ஒரு வேலை உண்டு. வீக்கம் ஏறும் முன்னாடி இறுக்கமான சட்டைக் கையை, கொலுசு நூலை, காப்புக் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கலாம். உடம்பை இல்லை, உடம்பைச் சுத்தி இருக்கிறதை.

எதுக்குன்னு தெரிஞ்சு வச்சிருந்தா 21 கிராம் போதும். இந்த இழையை வண்டி ஓட்டுற, காட்டு வேலை செய்யுற, மலையேறப் போற ஒருத்தருக்காவது அனுப்புங்க. உங்க பையில் என்ன இருக்குன்னு கீழே சொல்லுங்க. கேள்வி இருந்தாலும் கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.